அறுநூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

பட்டியலைப் பத்திரமாகச் சேமித்துவிட்டு, சேமித்த இடத்தையே அழித்தவன் நான். இதை இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லும் தைரியம் வர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. துறை விசாரணையில் இதையே நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த நான்கு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட 'நான்' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். எழுத்தில் எனக்கு இவ்வளவு திறமை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆம்பூரில் பாலாற்றங்கரையில் இருபத்திரண்டு மாடி நிழலகம் ஒன்று இருக்கிறது. வெளியே ஐம்பத்து மூன்று டிகிரி அடிக்கிற ஊரில் மனிதர்கள் இருக்க வேண்டுமானால் நிழலகத்துக்குள்தான் இருக்க வேண்டும். வெயிலுக்கு மூடிக்கொள்ளும் பலகைகள், லிஃப்ட், நீர்வடிகட்டி, அடுப்பு, தொட்டில், தையல் இயந்திரம் எல்லாம் கட்டடத்தின் ஒரே இயங்குதளத்தில் ஓடுகின்றன. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்கி, அதாவது டிரைவர். வீடுகளில் விளக்கம் கேட்டால், "கருவி பேசுறது கட்டடத்துக்குப் புரியாது, கட்டடம் பேசுறது கருவிக்குப் புரியாது. நடுவுல நின்னு எடுத்துச் சொல்ற ஆளுதான் டிரைவர்" என்பேன். மாமியார் மருமகள் உதாரணமும் கையிருப்பில் உண்டு. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வேன்.

நான் எபிநேசர். மூன்றாம் நிலை மறுநிறுவுநர். கட்டடத்தின் இயங்குதளம் சோர்ந்துபோகும்போது அதைத் துடைத்துப் புதிதாக நிறுவுவது என் தொழில். அந்த நிழலகத்தில் நோய் முற்றியிருந்தது. நடுமதியத்தில் வெயில் பலகைகள் தாமாகத் திறந்துகொண்டன. எட்டாம் மாடியில் ஒரு வீட்டில் மெழுகுவர்த்தி உருகிப் பாய்விரித்தாற்போல் படுத்திருந்ததை நானே பார்த்தேன்.

இந்தத் தொழிலில் முதல் பாடம்: துடைப்பதற்கு முன் இயக்கிப் பட்டியலை எடுத்து, கட்டடத்துக்கு வெளியே வை. அதற்கென்றே பையில் ஒரு சேமிப்புச் சில்லு வைத்திருப்போம். அன்று என் சில்லு நிறைந்திருந்தது. உள்ளே பிளாரன்ஸின் சபைப் பாடகர் குழு ஒத்திகை. பிளாரன்ஸ் என் மனைவி. இரண்டாவது வரியில் அவள் மட்டும் அரை மாத்திரை முந்திப் பாடியிருப்பாள். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து நிமிடத்துக்குத்தானே என்று பட்டியலைக் கட்டடத்தின் சேமிப்பகத்திலேயே வைத்தேன். பிறகு, திரையில் 'அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவலாமா?' என்று வந்தது. 'ஆம்' என்று அழுத்தினேன்.

லிஃப்ட் எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. திரையில் அறுநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் குறிகள், கடுகு வயல் மாதிரி.

*

இயக்கிகளைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை அல்ல. அவை எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதவை பெயர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடற்கரை ஊரில் வெள்ளத்தடுப்புக் கதவு ஒன்று தானாகத் திறந்துகொண்டது. நானூறு பேர் போனார்கள். கதவு செய்தவர் மோட்டார் செய்தவரைக் காட்டினார், மோட்டார்காரர் இயக்கி எழுதியவரைக் காட்டினார், அவர் வானிலையைக் காட்டினார். கடைசியில் யார்மேலும் குற்றம் இல்லை என்று ஆனது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அதிலிருந்து பிறந்தது பொறுப்பேற்பு விதி. உயிரோடிருக்கும் ஒரு மனிதர் 'நான் பொறுப்பு' என்று தன் பெயரைக் கொடுத்தால் ஒழிய எந்த இயக்கியும் ஓடாது. கருவி நாளைக்கு யாருக்காவது தீங்கு செய்தால் அந்தப் பெயருக்கு உரியவர் தண்டனை அனுபவிக்க வேண்டும். ஆயுள் முழுவதும்.

நல்ல விதிதான். அன்றைக்குத் தெருவில் நின்று கோஷம் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

என்ன ஆயிற்று என்றால், பெயர் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பெரிய நிறுவனங்கள் பெயர்க்காரர்கள் என்று ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. மற்றவர்கள் பழைய பெயர்களையே பிடித்துத் தொங்கினார்கள். முத்திரையிட்ட பழைய பட்டியலை அப்படியே ஏற்றினால் கொடுத்த பெயர்கள் செல்லும். பட்டியல் போய்விட்டால் ஒவ்வொருவரையும் தேடிப்போய் முதலிலிருந்து சம்மதம் வாங்க வேண்டும். நான் அழித்தது அந்தப் பட்டியலைத்தான்.

அதற்கும் மேலே வாய்மொழி விதி. பேச்சில் கொடுத்த உறுதியும் உறுதிதான் என்று ஒரு தீர்ப்பு வந்தபின், எல்லாக் கட்டடங்களிலும் செவிச்சுவர்கள் வந்துவிட்டன. வாயைத் திறந்து 'ஆமாம்' என்றால் அது சாட்சி. ஆகவே நாடே 'லாம்' போட்டுப் பேசப் பழகிக்கொண்டது. குழந்தை பிறந்து நர்ஸ் கையில் அழுதுகொண்டிருக்கும்போதே டாக்டர் வெளியே வந்து, "பெண் குழந்தையாக இருக்கலாம்" என்பார். எங்கள் திருமணத்தில், இவளை வாழ்நாளெல்லாம் நேசிப்பாயா என்று போதகர் கேட்டபோது, "இயன்றவரை" என்றேன். பிளாரன்ஸ், "சூழ்நிலையைப் பொறுத்து" என்றாள். முப்பது வருடமாக இதை வைத்து ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருக்கிறோம்.

நிறுவனங்களின் கருவிகள் மூன்றே நாளில் பெயர் பெற்றுவிட்டன. மீதி சில்லறைக் கருவிகளுக்கு வீடு வீடாக ஏறினேன். பதினான்காம் மாடி நீர்வடிகட்டிக்கு மட்டும் ஏற வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் காலையிலேயே ஒரு பெண் தானே கீழே இறங்கி வந்து, பெயர் பதியும் பலகையில் உள்ளங்கையை வைத்து, "நான் பொறுப்பு" என்றாள். யாரும் கேட்கவில்லை. கை பலகையில் நிலைகொள்ளாமல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஆட்களை எடைபோடுவதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

நான்காம் நாள் மாலை அறுநூற்றுப் பதினொன்று முடிந்தது. ஒரே ஒரு மஞ்சள் குறி. 'அறியாத கருவி. தளம் 14. வீடு 6.'

*

கதவைத் திறந்தவர் நிசார் பாய். உள்ளே தையல் மேசைமுன் அதே பெண் உட்கார்ந்திருந்தாள். ஷமீலா, அவர் மனைவி. நாற்பது வயது இருக்கலாம். பார்த்தீர்களா, எனக்கும் 'லாம்' வருகிறது. பதினாறு வருடமாகச் செருப்பு மேல்தோல் தைக்கிறவள். தொழிற்சாலைப் பசையின் நெடி நரம்பில் ஏறி வலது கையில் நடுக்கம் வந்துவிட்டது. கையில் சாம்பல் நிறத்தில் ஓர் உறை, முழங்கை வரை. நடுக்கம்தாங்கி. விரல் நடுங்கத் தொடங்கும் அதே நொடியில் எதிர்ப்பக்கம் மெல்ல அழுத்தி அதைச் சமன்செய்யும் கருவி. அவர்கள் வீட்டில் அதன் பெயர் கிளவுஸ்.

"லிஃப்டு ஓடுது, அடுப்பு எரியுது, பக்கத்து வூட்டுத் தொட்டில் ஆடுது," என்றாள். "என் கை மட்டும் உங்க லிஸ்ட்டுல வரலியா சார்?"

மற்றக் கருவிகள் பெயர் இல்லாமலும் பத்து நாள் மெதுவாக ஓடும். உடலில் அணிகிறவை ஒரு நொடிகூட ஓடாது. பத்தாம் நாள் அவை தம்மை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் எந்தப் பெயர் வந்தாலும் திறக்காது. இதை அவளிடம் சொன்னேன். சொல்லும்போது, "அப்படி ஆகலாம்" என்று முடித்தேன். பழக்கம்.

"இயக்கி கிடைக்குமான்னு தேடிப் பார்க்கலாம். இது செஞ்ச கம்பெனியே இப்போ இல்ல…"

அவள் இடது கையால் பொத்தான் டப்பாவைத் திறந்து ஒரு சில்லை எடுத்து மேசையில் வைத்தாள். "டிரைவர் இதுல இருக்கு. வாங்கின அன்னிக்கே காப்பி எடுத்து வெளியில வெச்சுட்டேன். உள்ளயே வெச்சா கட்டடத்தோட போயிடும்ல?"

என் தொழிலின் முதல் பாடம். நிசார் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வேறெதையாவதா என்று தெரியவில்லை.

ஆக, இயக்கி இருக்கிறது. பெயர்தான் இல்லை. அணிகிறவரே தனக்குப் பெயர் கொடுக்க முடியாது. உடல் கருவிக்கு உரிமம் உள்ள ஆள்தான் கொடுக்கலாம் என்பதால் நிசார் பாயாலும் முடியாது. சம்பளப் பெயர்க்காரர்கள் மூடிப்போன கம்பெனியின் பொருளைத் தொடமாட்டார்கள். இயக்கியை எழுதியவர் பெயர் சில்லில் இருந்தது. கலியமூர்த்தி, ஓசூர். அவர் இருந்தால், அவர் சம்மதித்தால்.

குற்ற உணர்ச்சி வந்தால் எனக்குப் பரிசு வாங்கும் புத்தி வரும். மறுநாள் மதியம், ஊரிலேயே நல்ல கடையில் ஒரு குண்டான் பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன். கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி எல்லாம் சேர்த்து. நிசார் பாய் தட்டைப் போட்டார். வாசனை வீடு முழுக்க நிறைந்தது. ஷமீலா தட்டைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அது மேசை விளிம்பில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஸ்பூன் கொண்டாந்தீங்களா சார்?" என்றாள்.

"நான் ஊட்டுறேன்னு சொன்னா கேக்கறதில்ல," என்றார் நிசார் பாய் மெதுவாக. "அஞ்சு நாளா இடது கையாலதான் சாப்புடுது. சாப்புடறதுக்கு முன்னாடி ஒருதரம் கண்ண மூடிக்குது."

"ஊட்டினா ஒரு நாள் ரெண்டு நாள் ஊட்டலாம். அப்பறம் நீங்களும் 'பாக்கலாம்'னு சொல்லுவீங்க," என்றாள் அவள்.

 நான் பிரியாணியைப் புகழத் தொடங்கினேன். அரிசி எவ்வளவு உதிரி, கறி எவ்வளவு பதம் என்றெல்லாம். வாய் ஓடிக்கொண்டே இருந்தது. என் வாய்க்கு யாராவது பெயர் கொடுத்திருந்தால் அன்றைக்கு அவர் சிறைக்குப் போயிருப்பார்.

*

ஏழாம் நாள் ஓசூருக்குப் போனோம், ஷமீலாவும் நானும். மூடிய பேருந்தில் மூன்று மணி நேரம். கலியமூர்த்திக்கு அறுபத்தெட்டு வயது. நகரத்துக்கு வெளியே குளிர்க் கூடாரத்துக்குள் ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான தொட்டிகள். எந்தத் தொட்டியிலும் பெயர்ச்சீட்டு இல்லை.

"இது என்ன ரகம் சார்?" என்று கேட்டேன், பேச்சைத் தொடங்க.

"சிவப்பா இருக்கலாம்," என்றார்.

சிவப்பாகத்தான் இருந்தது. மூன்று டம்ளர் டீ வந்தது. ஷமீலா டம்ளரை எடுக்கவில்லை. அவர் அவளுடைய கை உறையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல இன்னும் ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துதா?"

"போன வாரம் வரைக்கும்," என்றாள். "அப்பறம் இவுரு வந்தாரு."

"அண்ணே, இந்த இயக்கி நீங்க எழுதினதுதானே?" என்றேன்.

"என் எழுத்து மாதிரி தெரியுது."

"நல்லா வேலை செய்யுமா?"

"செஞ்சிருக்கலாம்."

"இதுவரைக்கும் யாருக்காவது கெடுதல் செஞ்சிருக்கா?"

"தெரிஞ்சவரைக்கும் தெரியல."

"இப்போ பேரு கொடுத்தா ஆபத்து வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். தம்பி, நீங்க டீ குடிங்க."

கூடாரத்தின் இரும்புத் தூணில் ஒரு செவிச்சுவரின் சின்னப் பொத்தான் இருந்தது. அவர் கண் அடிக்கடி அங்கே போய் வந்தது. பிறகு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல ஒரு கதை சொன்னார். ஒருவர் நாற்பது இயக்கிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தார். அதில் ஒன்று சக்கர நாற்காலியின் பிரேக். யாரோ அந்த நாற்காலியைக் கடல் தண்ணீரில் கழுவினார்கள். பிரேக் அரித்துப்போனது. சரிவில் உருண்ட கிழவருக்கு இடுப்பு முறிந்தது. பெயர் கொடுத்தவரை ஆறு வருடம் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். அந்த ஆறு வருடத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது.

"கழுவினவன் பேரு எங்கயும் இல்ல," என்றார். "அந்த ஆளு பேரு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஷமீலா எழுந்துகொண்டாள். கிளம்பும்போது அவர் ஒரு பூவை வெட்டி அவளிடம் நீட்டினார். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "தம்பிகிட்ட லைசென்ஸ் இருக்குமே?" என்றார். குரலில் குத்தல் இல்லை. சும்மா ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலக் கேட்டார். நான் ரோஜாக்களைப் பார்த்தேன். உண்மையிலேயே அருமையான ரோஜாக்கள்.

பேருந்து கிருஷ்ணகிரியைத் தாண்டியது. பிறகு அவள் கேட்டாள்.

"உடம்புல போடற கருவிக்குப் பேரு குடுக்கற கார்டு உங்ககிட்ட இருக்கா சார்?"

"இருக்கலாம்."

"கழுத்துல தொங்குது சார்."

தொங்கிக்கொண்டிருந்தது. என் புகைப்படத்தோடு. மூன்றாம் நிலை, உடல் கருவிகள் உட்பட.

"உங்களால பேரு குடுக்க முடியுமா?"

"பார்க்கலாம்," என்றேன்.

"சரி," என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், திட்டியிருந்தால் வருத்தம் வந்திருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

என் பெயர் வெறும்பெயர். அப்படியென்றால் இதுவரை எதற்கும் பொறுப்பேற்காத பெயர் என்று பொருள். ஐம்பத்தைந்து வயதுவரை வெறும்பெயராக இருந்தால் ஏலகிரியில் வீடு ஒதுக்குவார்கள். மலைமேல் இன்னும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது பத்து மாதம். பிளாரன்ஸுக்கு வெயில் காலத்தில் வலிப்பு வரும். போன வருடம் மூன்று தடவை வந்தது. ஆறு வருடத்துக்கு முன்பே அவள் ஒரு ஸ்வெட்டர் பின்னி வைத்துவிட்டாள். ஆம்பூரில் ஸ்வெட்டர் பின்னிய ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும், பாடகர் குழு ஒத்திகை உட்பட.

"அதை அழிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு எப்படிச் சாப்பிடுறா?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து போய் அடுப்படியில் எதையோ துலக்கினாள். துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினாள்.

"நான் பேரு கொடுத்தா நீ என்ன சொல்லுவே?"

"அது உங்க இஷ்டமா இருக்கலாம்," என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அந்த இயக்கியை வரி வரியாகப் படித்தேன். ஒரு பிழை கிடைத்துவிட்டால் போதும் என்று படித்தேன். ஒரே ஒரு பிழை. அதைக் காட்டி, பாருங்கள், இது ஆபத்து, என் கையில் இல்லை என்று சொல்லிவிடலாம். சோதனைக் கையில் மாட்டி நாலாயிரம் தடவை ஓட்டினேன். நாலாயிரம் தடவையும் அது பூவைத் தொடுவதுபோலத் தொட்டது. நடுவில் ஓரிடத்தில், எழுதியவர் தனக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். கணினி அதைப் படிக்காது. அடுத்து யாராவது மனிதர் படித்தால் உண்டு. 'இங்கே இறுக்காதே. இது பயந்துபோன கை.'

பிழையே இல்லை. இதைவிட மோசமான செய்தி எனக்கு வந்திருக்க முடியாது.

*

பத்தாம் நாள் காலை பதினொன்றரைக்கு அந்த வீட்டில் இருந்தேன். பூட்டிக்கொள்ளும் கருவியைக் கழற்றி, பையிலிட்டு, துறைக்குக் கொண்டுபோவதும் என் வேலைதான். கையில் அதற்கான பை. கழுத்தில் அட்டை. பூட்டும் நேரம் பதினொன்று நாற்பது.

நிசார் பாய் வேலைக்குப் போயிருந்தார். போகும்படி அவள்தான் சொன்னாளாம். தையல் மேசையைத் துடைத்து, அதன்மேல் வலது கையை நீட்டி வைத்திருந்தாள். உறையின் மணிக்கட்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது.

"இந்த ஓசூர் பஸ்சு இருக்கே, அதுல ஏசி போட்டா ஒரு பக்கம் மட்டும்தான் வருது, கவனிச்சீங்களா?" என்றேன்.

"கவனிச்சேன்."

"நம்ம பக்கம் வரல."

"ஆங்."

பதினொன்று முப்பத்தைந்து. அந்த உறையின் பலகையில் அட்டையை வைத்து இரண்டு சொல் சொன்னால் போதும். இதற்குப் பயிற்சியே தேவையில்லை. எட்டு நாளைக்கு முன்பு, நடுங்குகிற கையோடு ஒருத்தி எதிரில் நின்று செய்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நான் அட்டையைத் தொட்டேன். அதைக் கழற்றக்கூடச் செய்தேன். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் புகைப்படத்தில் எனக்கு முடி இருப்பதைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். அவள் கண் என் கையில்தான் இருந்தது. பிறகு மஞ்சள் விளக்குக்குப் போயிற்று. பிறகு எங்கேயும் போகவில்லை.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். சட்டம் எப்படி மாறக்கூடும், மேலதிகாரிக்கு எப்படி ஒரு மனு எழுதலாம், புதுக் கருவிக்கு எப்படி விண்ணப்பிக்கலாம். புதுக் கருவிக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாக்கியத்தின் நடுவில் 'டிக்' என்று சின்னச் சத்தம் வந்தது. பேனா மூடியைச் சொருகினால் வருகிற அளவுக்குத்தான். மஞ்சள் விளக்கு அணைந்தது. வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

"கழட்டிக்கோங்க சார்," என்று கையை நீட்டினாள்.

முழங்கையில் ஒரு கொக்கி, மணிக்கட்டில் இரண்டு, விரல்களுக்கு ஐந்து. ஒவ்வொன்றாக எடுத்தேன். உறை வந்ததும் அந்தக் கை என் கைகளுக்குள் இருந்தது. கனரக வண்டி போன பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஜன்னல் கம்பிபோல அது அதிர்ந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன். இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் சுளித்தாள். விட்டுவிட்டேன்.

பையை மூடினேன். சீட்டில் அவளுடைய இடது கட்டைவிரல் ரேகையை வாங்கினேன். போயிருக்க வேண்டும். வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஒரு 'சொல்ல முடியாதுங்க சார்' போதும். இந்த நாட்டில் அதைக் கேட்டுக் கிடைக்காதவர்கள் யாரும் இல்லை. மருமகள் மாமியாருக்குக் கொடுக்கிறாள், நோயாளிக்கு டாக்டர் கொடுக்கிறார். அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் மலைவரை போய்விடலாம்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றேன். அவளை நான் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என் வீட்டுல ஒருத்தி இருக்கா. வெயில் வந்தா விழுந்துடுவா. இன்னும் ரெண்டு மாசம் இந்தப் பேரை அப்படியே வெச்சுக்கிட்டா அவளை மேல கூட்டிட்டுப் போயிடலாம். கார்டு உங்க கழுத்துல இருந்து, கை என்னோடதா இருந்திருந்தா, நீங்க பேரு குடுத்திருப்பீங்களா?"

அவள் என் வீட்டில் இருப்பவளைப் பற்றி யோசிக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. நேர்மையாக, நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தாள். ஆடிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த செவிப் பொத்தானை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆமா. குடுத்திருப்பேன்."